காலியாகத் தொங்கும் விரல்!

கோவையின் பட்டறைத் தெருக்களில் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

காலை எட்டரை மணி. கணபதியிலோ, ஆவாரம்பாளையத்திலோ, குறிச்சி சிட்கோவிலோ ஒரு பட்டறை. ஷட்டர் ஏறியாகிவிட்டது. சாமி படத்துக்குக் கொளுத்திய ஊதுபத்தி இன்னும் அணையவில்லை. வேலைக்கு வந்தவர் டிபன் பாக்ஸை அலமாரியில் வைத்துவிட்டு, ஸ்டோர்ஸ் ஜன்னலில் கையை நீட்டுகிறார். ஒரு ஜோடி கையுறை வருகிறது. இடது கையில் ஒரு நொடியில் ஏறிவிடுகிறது. வலது கையில்தான் சிக்கல். நான்கு விரல்கள் தத்தம் இடத்துக்குப் போய்விடுகின்றன. மோதிர விரலுக்கான உறை மட்டும் பாதிக்கு மேல் காலியாகத் தொங்குகிறது.

சில வருடங்களுக்கு முன்பு பவர் பிரஸ்ஸில் போன விரல். காயம் ஆறிவிட்டது. இழப்பீடு வந்து, வந்த வழியே செலவாகியும் விட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஆனால், தினமும் காலையில் ஒரு முறை அந்த விரல் இல்லை என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துவது இந்தக் கையுறைதான்.

அப்புறம் அவர் என்ன செய்வார்? சிலர் காலி உறையை முறுக்கி, உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார்கள். சிலர் இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள். சிலர் கத்தரியால் நறுக்கிவிடுவார்கள். இன்னும் சிலர், 'எதற்கு இந்த வம்பு?' என்று அந்தக் கைக்கு மட்டும் கையுறையே போடாமல் வேலை பார்ப்பார்கள். சூப்பர்வைசர் சுற்றி வரும்போது மட்டும் மாட்டிக்கொண்டு, அவர் போனதும் கழற்றிவிடுவார்கள்.

இந்த நான்குமே ஆபத்தான வழிகள். ஒரு விபத்தில் விரலை இழந்தவர், இரண்டாவது விபத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார் என்பதுதான் இதன் அர்த்தம்.

சின்னக் குறை அல்ல

பம்புசெட், வெட் கிரைண்டர், வார்ப்பட உதிரிபாகங்கள் என்று கோவை செய்யும் பொருள்களுக்கு நாடெங்கும் பெயர் உண்டு. அந்தப் பொருள்களுக்குப் பின்னால் தகடு வெட்டும், வளைக்கும், துளையிடும் கைகள் இருக்கின்றன. இது கோவையின் கதை மட்டுமல்ல. அம்பத்தூர், ஓசூர், வடக்கே குர்கான், மானேசர் என்று தகடும் பிரஸ்ஸும் இருக்கும் எல்லா ஊர்களின் கதை. 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019-ம் ஆண்டு முதல் 'க்ரஷ்டு' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் நடக்கும் விபத்துகளைப் பற்றிய அறிக்கைகள் அவை. கையும் விரலும் நசுங்கும் விபத்துகளில் பவர் பிரஸ்ஸின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

விரல் போனபின் சட்டம் ஒரு கணக்குப் போடுகிறது. 1923-ம் ஆண்டு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகித இழப்பு என்று சொன்னது. ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. ஒரு கணு மட்டும் போயிருந்தால் இன்னும் குறைவு. இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கும் இந்த வகைக் கணக்கின்படிதான் நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகை நிர்ணயமாகிறது.

இன்னொரு பக்கம், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் பல சலுகைகளுக்கு 40 சதவிகிதக் குறைபாடு இருக்க வேண்டும். மோதிர விரலோ, சுண்டுவிரலோ ஒன்று போனவர் அந்த எல்லையைத் தொட மாட்டார். சான்றிதழுக்கு அது போதாத குறை. ஆனால், ஸ்டோர்ஸில் கொடுக்கும் கையுறை அவருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய குறை. அதனால் அவர் எந்தப் பட்டியலிலும் வராமல், கத்தரியும் டேப்பும் வைத்துத் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

உண்மையில், சுத்தியலை, ஸ்பேனரை, கடப்பாரையை இறுக்கிப் பிடிக்க அழுத்தம் தருவதில் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிடி ஏற்கெனவே தளர்ந்த கையில், மடங்கிக் கிடக்கும் ஒரு துணிச் சுருளும் சேர்ந்தால், கருவி நழுவத்தான் செய்யும்.

காலி உறை என்ன செய்யும்?

விரல் உள்ளே இருக்கும்போது கையுறையின் நுனி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நரம்பு சொல்லிவிடும். காலி உறைக்கு நரம்பு கிடையாது. கன்வேயர் பெல்ட்டின் உருளைக்குப் பக்கத்தில் அது ஆடிக்கொண்டிருந்தாலும், தகட்டு அடுக்கின் இடுக்கில் மாட்டியிருந்தாலும் கைக்குத் தெரியாது. இழுக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். அப்போது மற்ற விரல்களும் அதோடு போகும்.

உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டால் தொங்காது. ஆனால், விரல் மொட்டை அந்தச் சுருள் நாள் முழுக்க அழுத்தும். துண்டான இடத்தில் தோல் மெல்லியது. நரம்பின் வெட்டுப்பட்ட முனை சிலருக்குச் சிறு கட்டிபோலத் திரண்டிருக்கும். லேசாகத் தட்டினாலே மின்சாரம் பாய்ந்ததுபோல வலிக்கும். குளிர்ந்த இரும்பைத் தொட்டால் கடுக்கும். இல்லாத விரலில் அரிப்பு இருப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு. 'இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள்' என்று பலர் சொல்வதில்லை. வலி தாங்காமல் கையுறையைக் கழற்றிவிடுவதற்கு இதுவே காரணம் என்று மேற்பார்வை பார்ப்பவருக்கும் தெரிவதில்லை.

டேப் சுற்றினால் எண்ணெயில் ஊறிப் பசை விட்டுப்போகும். அவிழ்ந்த முனை இன்னொரு வால். கத்தரியால் நறுக்கினாலோ, பின்னல் கையுறை அந்த இடத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும். மதியச் சாப்பாட்டுக்குள் விரல் மொட்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலி உறைக்குள் பஞ்சையோ, பழைய துணியையோ அடைத்துக்கொள்வது. பார்ப்பதற்கு ஐந்து விரலும் இருப்பதுபோலத் தெரியும். இதில் வெட்கமும் கலந்திருக்கிறது. கல்யாண வீட்டில் வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, பட்டறையில் கையுறை ஒரு மறைவு. அந்த மனநிலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பஞ்சு அடைத்த விரல் உணர்வில்லாத விரல். எங்காவது மாட்டினால் அது தொங்கும் உறையைவிட உறுதியாக மாட்டும்.

முதல் கேள்வி: கையுறை வேண்டுமா?

சரியான கையுறையைத் தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. டிரில்லிங் மெஷின், லேத், மில்லிங் என்று சுழலும் இயந்திரங்களில் கருவி சுழன்றுகொண்டிருக்கும்போது கையுறையே போடக் கூடாது. ஐந்து விரல் இருப்பவருக்கும் இதே விதிதான். சுழலும் துளைக்கருவி ஒரு நூலைப் பிடித்தால் போதும், கை முழுவதையும் சுற்றிக்கொள்ளும். அங்கே விரல் குறைந்தவருக்கு 'ஸ்பெஷல் கையுறை' தேடுவது வீண் வேலை. பிசிறைக் கையால் தள்ளாமல் பிரஷ்ஷால் தள்ளுவது, பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குவது இவையே அங்கே பாதுகாப்பு.

பவர் பிரஸ்ஸின் விஷயமும் அப்படித்தான். டன் கணக்கில் இறங்கும் டையை எந்தக் கையுறையும் தடுக்காது. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் மட்டுமே இறங்கும் அமைப்பு, கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரை, திறந்திருந்தால் ஓடாத தடுப்பு, பொருளை எடுக்கக் காந்தக்கோல் அல்லது இடுக்கி இவைதான் பிரஸ்ஸில் விரலைக் காப்பவை. விரல் போன பிறகு நல்ல கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய பிரஸ்ஸைத் தடுப்பில்லாமல் ஓட்டுவது, அடுத்தவர் விரலுக்கு நாள் குறிப்பதுதான்.

கையுறை உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் வேறு. தகடு தூக்குவது, வெட்டிய ஓரத்தில் பிசிறு எடுப்பது, வார்ப்படம் இறக்குவது, வெல்டிங், ஆசிட் தொட்டியில் கழுவுவது, மின்சார வேலை. ஒவ்வொன்றுக்கும் கையுறை வேறு. விரல் குறைந்த கைக்கு அதை மாற்றும் வழியும் வேறு.

அளவு எடுப்பது எப்படி?

கையுறையின் அளவு எண் விரல் கணுக்களுக்கு மேலாக, கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சுற்றி எடுக்கும் அளவிலிருந்து வருகிறது. அங்குலத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அதுதான் எண். ஐரோப்பியத் தர அட்டவணையில் 8-ம் எண் கைக்குச் சுற்றளவு 203 மி.மீ., நீளம் 182 மி.மீ. 9-ம் எண்ணுக்கு 229, 192. 10-ம் எண்ணுக்கு 254, 204. நீளம் என்பது மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை.

இங்கேயே முதல் தடுமாற்றம் வரும். நடுவிரல் போனவருக்கு நீளத்தை எதை வைத்து எடுப்பது? மற்றொரு கையை வைத்துத்தான். இன்னொன்று, சில காயங்களில் விரலோடு உள்ளங்கை எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அப்போது உள்ளங்கையே குறுகிவிடும். இடது கைக்கு 9, வலது கைக்கு 8 என்று அளவு மாறும். ஆகவே, இரண்டு கைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஜோடியாகத்தான் கொடுப்போம் என்று கடைக்காரர் சொன்னால், இரண்டு அளவிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கிக் கலந்துகொள்ளலாம். பூச்சு இல்லாத சாதாரண பின்னல் கையுறையானால் இடது, வலது வித்தியாசம் கிடையாது. எந்தக் கையிலும் போடலாம்.

மூன்றாவது அளவு முக்கியமானது. விரல் இடுக்கிலிருந்து மொட்டின் நுனி வரை எத்தனை மி.மீ. என்று ஸ்கேல் வைத்து எடுக்க வேண்டும். அதோடு 5 மி.மீ. சேர்த்தால் கையுறையில் அந்த விரலின் நீளம் கிடைத்துவிடும். வேலை முடிந்து கை கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் அளப்பது நல்லது. காயம் பட்டு முதல் சில மாதங்கள் வீக்கம் வடிந்துகொண்டே இருக்கும். அப்போது எடுத்த அளவை நம்பி மொத்தமாக வாங்கிவிடக் கூடாது. பிறகு ஒரு முறை திரும்ப அளக்க வேண்டும்.

எதைத் தைக்கலாம், எதைத் தொடக் கூடாது?

இந்த இடத்தில்தான் விஷயம் வீட்டுக்குள் வருகிறது. "ஏனுங்க, இங்க குடுங்க, நான் தெச்சுத் தர்றேன்" என்று ஊசியோடு உட்காரும் மனைவியோ, அம்மாவோ இல்லாத வீடு இருக்காது. அந்த அன்பு எந்தக் கையுறைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சாதாரண பின்னல் கையுறை, அதாவது உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த, பெட்டி தூக்கப் பயன்படும் வகை. இதை வீட்டிலேயே மாற்றலாம். போட்டுப் பார்த்து, மொட்டின் நுனிக்கு 5 மி.மீ. மேலே பேனாவால் குறித்து, கையுறையை உள்வெளியாகத் திருப்பி, குறித்த இடத்தில் வளைவாக இரண்டு வரிசை தையல் போட வேண்டும். மிச்சத்தை நறுக்கிவிட்டு, வெட்டிய ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்க வேண்டும். திருப்பூர் பக்கம் தெருவுக்குத் தெரு ஓவர்லாக் மெஷின் இருக்கும்; மற்ற ஊர்களில் தையல் கடைகளில் கேட்கலாம். தையல் தடிப்பு மொட்டின் நுனியில் நேராக உட்காராமல், புறங்கைப் பக்கம் கொஞ்சம் தள்ளி வருமாறு பார்த்துக்கொண்டால் உறுத்தாது. அப்படியும் உறுத்தினால் மொட்டின் மேல் மென்மையான சிலிகான் தொப்பி மாட்டிக்கொண்டு, மேலே கையுறை போடலாம்.

தோல் கையுறை. வெல்டிங்குக்கும், சூடான பொருளுக்கும் இதுதான். இது துண்டு துண்டாக வெட்டித் தைக்கப்பட்டது. விரலுக்கு இரு பக்கமும் பட்டை வைத்திருப்பார்கள். தோல் வேலை தெரிந்தவர் தையலைப் பிரித்து, விரலைக் குறுக்கி, மறுபடி தைத்துவிடலாம். ஆனால், நூல் முக்கியம். சாதாரண பாலியெஸ்டர் நூல் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெல்டிங் பொறி பட்ட இடத்தில் தையல் விட்டுப்போனால், பொறி நேராக மொட்டின் மேல் விழும். வெப்பம் தாங்கும் அராமிட் நூலால்தான் தைக்க வேண்டும். வார்ப்பட வேலைக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. கட்டைவிரலுக்கு ஓர் உறை, மற்ற விரல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பை என்று வரும் கையுறை. அதில் விரல்களுக்குத் தனித்தனி உறை இல்லாததால் காலி உறை என்ற பிரச்னையே இல்லை.

வெட்டுத் தாங்கும் கையுறை. தகடு வேலைக்கு இது அவசியம். புறங்கையில் சுத்தியல் படமும், அதன் கீழே 'ஈ.என் 388' என்ற எண்ணுக்குரிய நான்கு இலக்கங்களும் எழுத்தும் இருக்கும். முதல் இலக்கம் உராய்வு, இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. அடுத்து வரும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தும் வெட்டைத் தாங்கும் திறனைச் சொல்வதுதான், எஃப்தான் உயர்ந்தது. இந்தக் கையுறையை வீட்டில் வெட்டித் தைத்தால், தைத்த இடத்துக்கு அந்த எண்கள் பொருந்தாது. சாதாரண நூல் போட்ட தையல் தகட்டு ஓரத்தில் ஒரே இழுப்பில் அறுந்துவிடும். இதைத் தயாரிப்பவரிடமே குறுகிய விரலோடு கேட்டு வாங்குவதுதான் முறை.

ரசாயனக் கையுறை. ஆசிட், காரம், கரைப்பான் தொடும் வேலைக்கு உரியது. இதில் கத்தரியும் கூடாது, ஊசியும் கூடாது. ஊசி போன ஒவ்வொரு துளையும் ஆசிட் வரும் வழி. விரல் அடியோடு இல்லாதவர்கள், மெல்லிய ரப்பர் கையுறையானால் காலி உறையை உள்பக்கமாகத் தள்ளிக்கொள்ளலாம். ரப்பர் எங்கும் அறுபடாததால் திரவம் புகாது. ஆனால், சுழலும், இழுக்கும் எதுவும் பக்கத்தில் இல்லாத வேலையாக இருக்க வேண்டும். போடுவதற்கு முன் காற்றைப் பிடித்து, தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரக் கையுறை. இதைத் தொடவே கூடாது. 500 வோல்ட், 1,000 வோல்ட் என்று வகுப்புப் பிரித்து, சோதித்துத் தரும் ரப்பர் கையுறைகள் இவை. வெட்டுவதும் தைப்பதும் மட்டுமல்ல, காலி விரலை மடித்து வைப்பதும் ஆபத்து. இழுபட்டு மடிந்த இடத்தில் ரப்பர் நாளடைவில் வெடிக்கும். அந்த வெடிப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அவர் கைக்குப் பொருந்தும் கையுறை தயாரிப்பாளரிடம் கிடைக்கும்வரை, மின்சாரம் ஓடும் லைனில் அவரை விடாமல் வேறு வேலை கொடுப்பதுதான் பொறுப்புள்ள வழி.

மெஷினுக்கு இது கஷ்டமே இல்லை

"நாலு விரலுக்கு யாருங்க கிளவுஸ் பண்ணுவாங்க?" என்பதுதான் ஸ்டோர்ஸில் கேட்கும் முதல் பதில். செய்ய முடியும்.

இன்று நாம் போடும் தையலில்லாத பின்னல் கையுறைக்கு வழி செய்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வகயாமா நகரைச் சேர்ந்த மசஹிரோ ஷிமா. 1962-ம் ஆண்டு 'ஷிமா செய்கி' நிறுவனத்தைத் தொடங்கியவர். கையுறை இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளர்கள் காயப்படுவதைத் தடுக்க, மணிக்கட்டில் ரப்பர் நூல் கோத்த கையுறையை இளம் வயதிலேயே உருவாக்கினார். பிறகு கையுறையைத் தானாகவே பின்னி முடிக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார். ஆக, தொழிலாளியின் கை சிக்கிவிடக் கூடாது என்ற கவலை கையுறைப் பின்னலுக்குப் புதிதல்ல.

அந்த வகை இயந்திரம் ஒவ்வொரு விரலையும் தனிக் குழாயாகப் பின்னி, பிறகு உள்ளங்கையோடு சேர்க்கிறது. எந்த விரல் எத்தனை வரிசை என்பது அதில் ஓர் எண், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இணைந்த இயந்திரத்தில் மோதிர விரலைக் குறுக்கச் சொன்னால் குறுக்கிவிடும். ரப்பர் பூச்சுக்கு அச்சுக் கை மாற்ற வேண்டும் என்பதால் பூச்சுக் கையுறையில் கொஞ்சம் சிரமம் அதிகம். மற்றபடி தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல, ஆர்டரின் அளவு. ஒரு பட்டறையில் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்காக ஆறு ஜோடி கேட்டால் தயாரிப்பாளர் யோசிப்பார். அதே தொழிற்பேட்டையில் பத்துப் பட்டறைகள் சேர்ந்து, தங்களிடம் இருப்பவர்களின் அளவுகளைத் தொகுத்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் யோசிக்க மாட்டார். சங்கம் வைத்திருக்கும் பட்டறை உரிமையாளர்களுக்கு இது ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை.

யார் செலவு?

தொழிலாளியின் செலவு அல்ல. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், சட்டப்படி கொடுக்க வேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 114-வது பிரிவில் சொன்னது. 2020-ம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. கையுறை கொடுப்பது என்றால் கைக்குப் பொருந்தும் கையுறை கொடுப்பது என்றுதானே பொருள்? ஆறு அடி ஆளுக்குச் சின்னப் பையனின் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, 'கொடுத்துவிட்டோம்' என்று கையெழுத்து வாங்க முடியாது.

இருந்தும் பலர் கேட்பதில்லை. 'கேட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடுவார்களோ' என்ற பயம் ஒரு பக்கம். 'இருக்கிற நாலு விரலை வைத்து ஒப்பேத்திக்கலாம்' என்ற பழக்கம் இன்னொரு பக்கம். விபத்துக்குப் பிறகு அதே நிறுவனத்தில் வேலை கிடைத்ததையே பெரிய உபகாரமாக நினைப்பவர், அதற்கு மேல் ஒரு கையுறை கேட்பதை நன்றி கெட்ட செயலாக நினைக்கிறார்.

முதலாளிகள் எல்லாரும் மறுப்பவர்கள் என்று இல்லை. பெரும்பாலான இடங்களில் இப்படி ஒரு பிரச்னை இருப்பதே அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. கையுறை விநியோகப் பதிவேட்டில் 'ஒரு ஜோடி' என்று கையெழுத்து இருக்கும். அதில் ஒன்றை அவர் எப்படிப் போட்டுக்கொள்கிறார் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாதம் ஒரு முறை சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, "போட்டுக் காட்டுங்கண்ணா" என்று சொன்னால் போதும், தெரிந்துவிடும்.

புதுக் கையுறை வந்ததும் நேராக வேலையில் இறங்காமல் கால் மணி நேரம் சோதிக்க வேண்டும். மேஜையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க முடிகிறதா? முஷ்டியை இறுக மூடும்போது மொட்டில் எதுவும் குத்துகிறதா? குறுக்கிய விரலின் நுனியை இன்னொருவர் பிடித்து இழுத்தால் பிடி கிடைக்கிறதா, வழுக்கிவிடுகிறதா? பிடி கிடைத்தால், இயந்திரத்துக்கும் கிடைக்கும். இன்னும் குறுக்க வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டு

கேட்பதற்கு வாய் வராதவர்களுக்கு எழுதுவது சுலபம். பெரிய மனு எதுவும் வேண்டாம். ஸ்டோர்ஸுக்கோ, சேஃப்டி ஆபீசருக்கோ ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆறு விவரங்கள்: பெயர், செய்யும் வேலை, எந்தக் கை, எந்த விரல், மீதி இருக்கும் நீளம் எத்தனை மி.மீ., கையுறை எண் என்ன. தேதி போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவோடு எழுதிக் கேட்டால் அது புலம்பல் ஆகாது, ஆர்டர் ஆகும்.

அளவெடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரு கையை நீட்டி, மறு கையால் ஸ்கேல் பிடித்து, எழுதவும் செய்ய முடியாது. அதை வீட்டில் செய்யலாம். சாயங்காலம் அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்காரும்போது, பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து, அந்த விரலைத் தொட்டு அளக்கலாம். பல வீடுகளில் யாரும் தொடாமல், பேசாமல் விட்டுவிட்ட விரல் அது. மகளோ, மனைவியோ அதைப் பிடித்து, "இருபத்தெட்டு மில்லிமீட்டர்" என்று எழுதும்போது, மறைக்க வேண்டிய ஒன்றாக இருந்தது, அளவெடுத்துக் கையுறை வாங்க வேண்டிய இன்னொரு விரலாக மாறிவிடுகிறது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஸ்டோர்ஸ் ஜன்னலில் கையை நீட்டும்போது, அந்தச் சீட்டும் கையில் இருக்கட்டும்.